பெரிய ஏரியில் பாஸ் மீன்: வெறுங்கையோடு திரும்ப வைக்கும் தவறுகள்

படகைத் துறையிலிருந்து தள்ளி நடு ஏரிக்கு வந்ததும் ஒரு மலைப்பு வரும். நாலா பக்கமும் தண்ணீர். தூண்டிலை எங்கே வீசுவது? பெரும்பாலானவர்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிகிற ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே படகை ஓட்டி, பத்தடிக்கு ஒரு முறை வீசிக்கொண்டே போவார்கள். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் பிடித்தேன். காலை முழுக்க வீசியும் ஒரு மீன் கூடக் கொத்தாத நாட்கள் நிறைய. சின்னக் குட்டையில் இந்த முறை பலிக்கும், ஏனென்றால் எங்கே வீசினாலும் ஏதோ ஒரு மீனின் பக்கத்தில்தான் விழும். பெரிய ஏரியின் கணக்கு வேறு. அங்கே எந்த நேரத்திலும் பெரும்பகுதித் தண்ணீரில் லார்ஜ்மௌத் பாஸ் இருக்காது. ஒதுங்க ஒரு மறைவு, பக்கத்திலேயே ஆழம், எட்டும் தூரத்தில் இரை என்று மூன்றும் சேர்கிற இடங்கள் கொஞ்சம்தான். மீன் அங்கேதான் கூடும்.

ஜப்பானின் பிவா ஏரியின் பரப்பு சுமார் 670 சதுர கிலோமீட்டர். 2009-ல் மனாபு குரிடா அங்கே பிடித்த பாஸ் 10 கிலோவுக்குச் சற்று மேல். 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீனோடு இன்றுவரை உலக சாதனையைப் பகிர்ந்துகொள்கிறது அது. அவ்வளவு பெரிய ஏரியில் அந்த மீன் கிடைத்தது ஒரு பாலத்தின் அருகே, ஏரி மிகக் குறுகலாகிற இடத்தில். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. தூண்கள் மறைவு தருகின்றன, குறுகலில் தண்ணீர் நகர்கிறது, இரை மீன்கள் அந்த வழியாகத்தான் போய் வர வேண்டும்.

அதனால் முழு ஏரியையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பதுதான் முதல் தவறு. வரைபடத்தை எடுத்து, கரைக்குள் நீண்டு போகும் ஏரியின் ஒரு கிளையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அன்றைக்கு உங்கள் ஏரி அவ்வளவுதான். அதன் வாய் முதல் கடைசி வரை ஆழம் எங்கே சட்டென்று மாறுகிறது, தண்ணீருக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய ஆற்றுத்தடம் எங்கே கரைக்கு நெருங்கி வருகிறது, எந்த மேடு தண்ணீருக்குள் நீண்டு போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு அப்புறம் கிளம்புங்கள்.

போன மாதம் மீன் கிடைத்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவது அடுத்தது. பாஸ் ஒரு வருடத்தில் பலமுறை இடம் மாறும். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வசந்தத்தில் முட்டையிடக் கரைக்கு வரும். இரண்டு மூன்று அடி ஆழத்தில், மணலோ சரளையோ உள்ள கெட்டியான தரையில் ஆண் மீன் பள்ளம் பறித்துக் காவல் நிற்கும். வட அமெரிக்காவில் இந்தப் பருவத்தில் ஏரியின் வடக்கு ஓரக் குடாக்கள்தான் முதலில் சூடாகும், குளிர்ந்த வாடைக்காற்று அங்கே நேரே அடிக்காது. கோடையில் காலையும் மாலையும் மேலே மேயும், வெயில் ஏறியதும் ஆழமான மேடுகளுக்கோ அடர்ந்த பாசிக்கு அடியிலோ போய்விடும். இலையுதிர் காலத்தில் ஷாட் போன்ற இரை மீன்கள் கிளைகளின் கடைக்கோடிக்கு ஏறும்போது பாஸும் பின்னாலேயே போகும். குளிர்காலத்தில் செங்குத்தாக இறங்கும் சரிவுகளை ஒட்டி, அசையாமல் கிடக்கும். வசந்தத்தில் அள்ளிக் கொடுத்த குடா ஜூலையில் காலியாக இருந்தால் ஏரி மோசமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

கோடையில் இன்னொரு தவறும் உண்டு. வெயில் காலத்தில் மீன் ஆழத்தில் இருக்கும் என்று கேள்விப்பட்டு, நாற்பது ஐம்பது அடி ஆழத்தில் போய் மணிக்கணக்கில் உட்காருவார்கள். பல ஏரிகளில் கோடையில் தண்ணீர் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு. கீழ் அடுக்கு மேலோடு கலக்காததால் அங்கே ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போகும். ஒலி அலையால் ஆழத்தைக் காட்டும் சோனார் கருவியின் திரையில், நடு ஆழத்தில் ஒரு மங்கலான கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தால் பெரும்பாலும் அந்த எல்லைதான். அதற்குக் கீழே வீசுவது வீண். அந்தக் கோடும் ஒரு மேட்டின் சரிவும் சந்திக்கிற ஆழத்தைத் தேடுங்கள்.

எல்லா ஏரிக்கும் ஒரே பாடம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃப்ளோரிடாவின் ஓகீசோபி 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி, ஆனால் சராசரி ஆழம் சுமார் 9 அடிதான். அங்கே செங்குத்துச் சரிவைத் தேடினால் நாள் போய்விடும். நாணலும் நீர்ப்பாசியும் முடிகிற விளிம்புகள், உள்ளே இருக்கும் சந்துகள், இரண்டு வகைச் செடிகள் கலக்கும் இடம் ஆகியவைதான் அங்கே முகவரி. அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரி, டென்னசி ஆற்றின் குறுக்கே 1939-ல் முடிந்த அணையால் உருவானது. மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறந்தால் ஏரிக்குள்ளேயே ஓட்டம் உண்டாகும். அப்போது பாஸ் ஆற்றுத்தடத்தின் விளிம்பில் ஓட்டத்தை எதிர்த்து நின்று, அடித்து வரும் இரையைக் கவ்வும். ஓட்டம் நின்றால் அதே மீன் கலைந்து சோம்பிவிடும். இப்படிப்பட்ட ஏரிகளில் அணையில் தண்ணீர் திறக்கும் நேரத்தைப் பார்க்காமல் கிளம்புவது பெரிய இழப்பு.

காற்றைக் கண்டு ஒதுங்குவதும் பலர் செய்வதுதான். அமைதியான கரையில் வீசுவது சுகம், ஆனால் மீனுக்கு அது சுகமில்லை. காற்று அடிக்கும் கரையில் நுண்ணுயிர்கள் ஒதுங்கும், அவற்றைத் தேடிச் சின்ன மீன்கள் வரும், பின்னால் பாஸ் வரும். அலை வெளிச்சத்தை உடைப்பதால் மீனின் எச்சரிக்கையும் குறையும். படகுக்கு ஆபத்து இல்லாத அளவுக் காற்று என்றால் அந்தக் கரைக்குத்தான் நான் முதலில் போவேன். பெரிய ஏரியில் அலை எழும்புவதற்கு அதிக நேரம் ஆகாது, உயிர்காப்புச் சட்டையைக் கழற்றவே வேண்டாம்.

அடுத்தது தூண்டில் பெட்டி. கடி இல்லை என்றதும் பத்து நிமிடத்துக்கு ஒரு லூர், அதாவது செயற்கை இரை, மாற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறத்தை மாற்றுவதற்கு முன் ஆழத்தையும் வேகத்தையும் மாற்றிப் பாருங்கள். கிராங்க்பெய்ட் என்பது இழுக்கும்போது தண்ணீருக்குள் முங்கி நீந்தும் மீன் வடிவ லூர். அது பன்னிரண்டு அடித் தரையில் எட்டு அடியில் நீந்திக்கொண்டிருந்தால் எந்த நிறமும் உதவாது. அது தரையில் இடிக்க வேண்டும், கல்லில் மோதித் திசை மாற வேண்டும். பெரும்பாலும் மீன் கொத்துவது அந்த மோதலில்தான்.

தரையை அறிந்துகொள்ள எனக்குப் பிடித்த முறை, கனமான ஈயமும் அதற்குப் பின்னால் ரப்பர் புழுவும் கட்டி மெதுவாக இழுப்பது. சேற்றில் போகும்போது ராடில், அதாவது தூண்டில் கம்பில், மந்தமான கனம் மட்டும் இருக்கும். மணலில் வழுக்கிக்கொண்டு வரும். சரளை வந்ததும் உள்ளங்கையில் டிக் டிக் என்று தட்டும். சிப்பி குவிந்த இடத்தில் அந்தத் தட்டல் இன்னும் கூர்மையாக, நொறுங்குகிற மாதிரி கேட்கும். அரை கிலோமீட்டர் நீளமான மேட்டில் இப்படி ஒரு அறை அளவுக்கு மட்டும் கெட்டித் தரை இருக்கும், மொத்த மீனும் அதன்மேல் நிற்கும். தட்டல் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துவையுங்கள். அங்கே ஒரு மீன் கிடைத்ததும் சந்தோஷத்தில் படகை நகர்த்திவிடாதீர்கள். கோடையில் அவை கூட்டமாகத்தான் நிற்கும், அதே கோணத்தில் மறுபடி வீசுங்கள்.

குளிர்ந்த காற்றுத்திரள் கடந்துபோன மறுநாள் வானம் துடைத்தாற்போல நீலமாக இருக்கும். பார்க்க நல்ல நாள், பிடிக்கக் கஷ்டமான நாள். மீன் புதருக்குள் ஒட்டிக்கொள்ளும். சின்ன லூர், மெதுவான இழுப்பு, மறைவின் மேலேயே விழுகிற வீச்சு என்று பொறுமையாகப் போக வேண்டும்.

கொத்திய மீனைத் தவறவிடுவதற்கும் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். பாசி மேல் ரப்பர் தவளையை இழுக்கும்போது தண்ணீர் வெடித்த நொடியிலேயே சுண்டினால், தவளை மட்டும் பறந்து வரும். தூண்டில் நரம்பில் மீனின் கனம் தெரிந்த பிறகு பலமாகச் சுண்டுங்கள். முள்ளைப் புழுவுக்குள் மறைத்துக் கட்டும் டெக்சாஸ் ரிக்கிலும் பலமான சுண்டல் வேண்டும், முள் முதலில் ரப்பரைத் துளைத்து வெளியே வர வேண்டுமே. மூன்று முள் தொங்கும் கிராங்க்பெய்டில் அப்படிச் சுண்டினால் வாய் கிழிந்து மீன் போய்விடும். அங்கே வளையும் ராடும் சீரான இழுப்பும் போதும்.

கடைசியாக, பிடித்த மீனைக் கையாளும் விதம். இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். பெரிய மீனைக் கீழ்த்தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் தூக்கினால் தாடை எலும்பு பாதிக்கப்படும். இன்னொரு கையை நனைத்து வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். படத்துக்குத் தயாரான பிறகு தண்ணீரிலிருந்து எடுங்கள். பிடித்த மீனை உயிரோடு வேறு ஏரிக்குக் கொண்டுபோய் விடவே கூடாது. வட அமெரிக்காவுக்கு வெளியே பல இடங்களில் பாஸ் உள்ளூர் மீன்களை அழிக்கும் அயல் இனம். ஜப்பானில் அதை உயிரோடு எடுத்துச் செல்வது சட்டப்படி தடை. பிவா ஏரியில் பிடித்ததைத் திரும்ப ஏரியில் விடவும் அனுமதி இல்லை. அந்தந்த ஏரியின் விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

விடலாம் என்கிற ஏரியில் தூக்கிப் போடாதீர்கள். படகின் ஓரத்தில் குனிந்து, நீரின் மட்டத்திலேயே தாடையைப் பிடித்தபடி நிமிர்த்தி வைத்திருங்கள். முதலில் செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடும். சில நொடிகளில் வால் அசையத் தொடங்கும், தாடை உங்கள் கட்டைவிரலை இறுகக் கவ்வும். அப்போது விரலைத் தளர்த்துங்கள்.