நோயாளி சொன்னதும் கேஸ் ஷீட்டில் எழுதுவதும்: உடல் பரிசோதனைச் சொற்கள்

"மயக்கமா வருது" என்று நோயாளி சொல்வதற்குள் குறைந்தது மூன்று மருத்துவச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. அறையே சுற்றுவதுபோல் இருந்தால் வெர்டிகோ. கண் இருட்டி, நினைவு தப்பி விழுந்து, சற்று நேரத்தில் தானாகவே தெளிந்திருந்தால் சிங்கோப்பி. தூக்கக் கலக்கமாகவே கிடந்தால் ட்ரௌஸி. எழுதும் முன் கேட்டுவிடுங்கள்: "சுத்துதா, கண்ணு இருட்டுதா, தூக்கமா வருதா?" பதில் தெளிவில்லை என்றால் கலைச்சொல்லே வேண்டாம். அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். பொருந்தாத கலைச்சொல்லைப் படித்து டாக்டர் திசைமாறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

"மூச்சு வாங்குது" என்பதிலும் இதே சிக்கல்தான். டிஸ்ப்னியா என்பது நோயாளி உணரும் திணறல்; அவர் சொன்னால்தான் தெரியும். டாக்கிப்னியா என்பது நீங்கள் எண்ணிக் கண்டது: பெரியவர்களுக்கு நிமிடத்தில் 20-க்கு மேல். 12-க்குக் கீழே போனால் பிராடிப்னியா. நிமிடத்துக்கு 28 முறை மூச்சுவிடுபவர் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லலாம். 18-இல் இருப்பவர் திணறலாம். அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதக் கூடாது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமலே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறியதும் நான்காகிவிடும்.

படுத்தால் திணறி, நிமிர்ந்து உட்கார்ந்தால் குறைந்தால் அது ஆர்த்தோப்னியா. இங்கே சொல்லோடு நிறுத்தாமல் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பதையும் குறிக்க வேண்டும். நேற்று 2, இன்று 3 என்றால் அந்த எண்ணே நிலைமையைச் சொல்லிவிடும். "எனக்கு வீசிங் இருக்கு" என்பதை நம்பி வீஸ் என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் எல்லா மூச்சிரைப்புக்கும் வீசிங் என்றே பெயர். கேஸ் ஷீட்டில் வீஸ் என்றால் ஸ்டெதஸ்கோப்பிலோ நேரடியாகவோ காதால் கேட்ட விசில் போன்ற ஒலி மட்டும்தான்.

மாணவர்கள் அதிகம் குழம்பும் ஜோடி ஹீமோப்டிசிஸும் ஹெமடெமிசிஸும். "வாயில ரத்தம் வந்துச்சு" என்பது இரண்டுக்கும் பொருந்தும். இருமலோடு, பளிச்சென்ற சிவப்பாக, நுரை கலந்து வந்தால் பெரும்பாலும் நுரையீரல் பக்கம்; அது ஹீமோப்டிசிஸ். குமட்டலோடு, உணவு கலந்து, காப்பித் தூள் நிறத்தில் வந்தால் இரைப்பை, அது ஹெமடெமிசிஸ். மூக்கிலும் ஈறிலும் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டில் ஒன்றை எழுதுங்கள். கிட்னி டிரேயில், அதாவது வாந்தி பிடிக்கும் வளைந்த தட்டில், வந்ததைக் கொட்டாமல் டாக்டர் பார்க்கும்வரை வைத்திருங்கள். மெலீனாவும், அதாவது இரைப்பைப் பக்கம் கசிந்த ரத்தத்தால் கறுத்துப் போகும் மலமும், அப்படித்தான். கறுப்பு மலமெல்லாம் மெலீனா அல்ல. தார்போல் ஒட்ட வேண்டும், அதற்கே உரிய கடும் நாற்றமும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார்போல் ஒட்டாது.

வீக்கத்துக்கு எடிமா என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் 5 விநாடியாவது அழுத்தி எடுங்கள். குழி விழுந்தால் பிட்டிங் எடிமா. பரவலாகப் புழங்கும் அளவில் 2 மிமீ குழிக்கு 1+, 4-க்கு 2+, 6-க்கு 3+, 8-க்கு 4+. வார்டுக்கு வார்டு அளவு மாறக்கூடும் என்பதால் மிமீ கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் வீக்கம் இல்லை என்று விட்டுவிட வேண்டாம். நீர் இடுப்பின் பின்பக்கம், சேக்ரம் பகுதியில்தான் தேங்கும்.

நிறம் பார்க்க வெளிச்சம் முக்கியம். வெளுப்பு, அதாவது பேலரை, கீழ் இமையின் உட்பக்கத்தில் பாருங்கள். மஞ்சள் காமாலையின் மஞ்சள் நிறத்தை, அதாவது இக்டெரஸை, கண்ணின் வெள்ளைப் பகுதியில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கில் எல்லாக் கண்ணும் மஞ்சள்தான். கருத்த தோலில் நீலம் பாய்வதை, அதாவது சயனோசிஸை, நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் தேட வேண்டும். விரல் நுனி மட்டும் நீலமாக இருந்தால் குளிராகக்கூட இருக்கலாம்.

பரிசோதனையின் வழக்கமான வரிசை இன்ஸ்பெக்ஷன் (பார்ப்பது), பால்பேஷன் (தொட்டு அமுக்குவது), பெர்கஷன் (தட்டுவது), ஆஸ்கல்டேஷன் (ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது). வயிற்றுக்கு மட்டும் பார்த்தவுடன் கேட்டுவிட்டு, பிறகே தட்டவும் தொடவும் வேண்டும். அமுக்கினால் குடலின் ஒலி மாறிவிடும். ஒலியே இல்லை என்று எழுத முழுதாக 5 நிமிடம் கேட்டிருக்க வேண்டும். வலிக்கும் இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள், இல்லையென்றால் வயிறு முழுவதும் இறுகிக்கொள்ளும். அதை கார்டிங், அதாவது நோயால் வந்த வயிற்றுத் தசை இறுக்கம், என்று தவறாக எழுதும்படி ஆகிவிடும்.

மூச்சில் கேட்பவற்றில் இரண்டை எழுதிவிட்டு நகரக் கூடாது. மூச்சை இழுக்கும்போது ஸ்டெதஸ்கோப் இல்லாமலே கேட்கும் கரகர ஒலி ஸ்ட்ரைடர். மேல் சுவாசப் பாதை அடைபடுகிறது. இன்னொன்று, ஆஸ்துமா நோயாளிக்கு வீஸ் திடீரென்று நின்று, அவர் இன்னும் திணறிக்கொண்டிருப்பது: காற்றே உள்ளே போகவில்லை. இரண்டிலும் முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள், பேனாவை அப்புறம் எடுக்கலாம்.