கைத்துப்பாக்கியில் கீறலா? சரிசெய்யப் போய்ச் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் 1911 ரகப் பிஸ்டல் வைத்திருப்பவர்களிடம் ‘இடியட் ஸ்கிராட்ச்’ (முட்டாள் கீறல்) என்று சொல்லிப் பாருங்கள். பாதிப்பேர் அசட்டுச் சிரிப்போடு தங்கள் துப்பாக்கியின் இடப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். ஸ்லைடு ஸ்டாப் என்கிற சின்ன நெம்புகோலுக்குக் கீழே, ஃபிரேம் என்கிற உடற்சட்டத்தின் மேல், பிறை மாதிரி வளைந்த ஒரு மெல்லிய கோடு இருக்கும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. 1985இல் அதன் இடத்துக்குப் பெரெட்டா நிறுவனத்தின் பிஸ்டல் தேர்வாகும்வரை அதுதான் ராணுவத்தின் வழக்கமான கைத்துப்பாக்கி. இத்தனை காலமும் அதே இடத்தில் அதே கோடு விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

காரணம் எளிது. பிஸ்டலைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டும்போது ஸ்லைடு ஸ்டாப்பின் அச்சு, ஃபிரேம் வழியாகவும் குழலின் அடியில் தொங்கும் இணைப்பு வளையம் வழியாகவும் போக வேண்டும். அச்சு உள்ளே போன பிறகு கடைசி இடத்தில் பிளஞ்சர் என்கிற, ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி முளை வழிமறிக்கும். அவசரக்காரர்கள் நெம்புகோலை ஃபிரேமின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே ஒரே வீச்சில் தள்ளி பிளஞ்சரைத் தாண்டப் பார்ப்பார்கள். நெம்புகோலின் பின்முனை ஃபிரேமை உரசிக்கொண்டே மேலே ஏறும். கோடு விழுந்துவிடும்.

இதைத் தவிர்க்கத் தனித் திறமை எதுவும் வேண்டாம். அந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள். அல்லது காலாவதியான ஏ.டி.எம். கார்டை இடையில் வையுங்கள். ஸ்லைடு என்கிற, முன்பின் நகரும் மேல்பகுதியின் விளிம்பிலுள்ள அரைவட்ட வெட்டு சரியான இடத்துக்கு வந்ததும் அச்சை நேராக உள்ளே விடுங்கள். நெம்புகோல் ஃபிரேமில் படாமல் சற்று வெளியே நிற்கட்டும். மெல்லிய கருவி ஒன்றால் பிளஞ்சரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நெம்புகோலை நேராக அழுத்துங்கள். ‘டிக்’ என்று உட்கார்ந்துவிடும். மேல்நோக்கி வீச வேண்டியதே இல்லை.

சரி, கோடு விழுந்துவிட்டது. பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு உண்மையான சேதம் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. மனசு பதறி, மேசை டிராயரைத் திறந்து, உப்புத்தாளைக் கையில் எடுக்கிற அந்த நேரத்தில். கோட்டோடு விட்டிருந்தால் கோடு மட்டும்தான் இருந்திருக்கும். மறைக்கப் போனதால் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைத் திட்டு விழுந்த பிஸ்டல்கள் பழைய துப்பாக்கிச் சந்தைகளில் ஏராளம்.

எதைத் தொடுவதற்கு முன்பும் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுத்துவிட்டு, குண்டறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். அழகுக்காகச் செய்கிற வேலைதானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, அது கீறல்தானா என்று பாருங்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பாதி ‘கீறல்கள்’ கீறலே இல்லை. பித்தளைத் தோட்டா உறையோ அலுமினியமோ உரசினால் எஃகின் மேல் அந்த மென்மையான உலோகம் ஈஷிக்கொண்டு பளிச்சென்று கோடாகத் தெரியும். துப்பாக்கி எண்ணெய் விட்டுப் பருத்தித் துணியால் பொறுமையாகத் தேய்த்தால் போய்விடும். போகவில்லையா, விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்காமல் வழுக்கிப் போனால் மேல்தோற்றம் மட்டும்தான் உரசியிருக்கிறது, அதற்கு எண்ணெய் போதும். நகம் சிக்கினால் எஃகே வெட்டுப்பட்டிருக்கிறது. எந்தக் குப்பியில் இருக்கும் திரவமும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

இங்கேதான் புளூயிங் என்றால் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். கரு நீலமாக மின்னும் அந்த நிறத்தைப் பலர் பெயிண்ட் என்று நினைக்கிறார்கள். அது பூச்சு இல்லை. எஃகின் மேற்பரப்பிலுள்ள இரும்பே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறியிருக்கிறது. இன்றைய தொழிற்சாலை முறையில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்புகளும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்க வைத்து, அதில் பாகங்களை முக்கி எடுப்பார்கள். பழைய முறையில் எஃகை வேண்டுமென்றே மெல்லத் துருப்பிடிக்க வைத்து, வெந்நீரில் கொதிக்கவிட்டு, மேலே வரும் பொடியைத் துலக்கி, மறுபடி மறுபடி செய்வார்கள். எப்படிச் செய்தாலும் கிடைக்கும் படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான் கனம்தான். உப்புத்தாளை ஒருமுறை இழுத்தாலே நிறம் போய்விடும். இன்னொன்று, புளூயிங்கின் பளபளப்பு ரசாயனத்திலிருந்து வருவதில்லை. அதற்கு முன்னால் எஃகை மெருகேற்றிய கையிலிருந்து வருகிறது. 1955இல் வந்த, கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வரின் ‘ராயல் புளூ’வை இன்றும் பேசுகிறார்கள் என்றால், அது அந்த மெருகுக்காகத்தான். வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

காருக்குப் பெயிண்ட் தொட்டு வைப்பதுபோல் தொட்டுவிடலாம் என்று நினைத்து வாங்குவதுதான் ‘கோல்டு புளூ’ (குளிர் புளூயிங்) குப்பி. சூடாக்க வேண்டாம், தடவினால் கறுக்கும். ஆனால் இதில் உண்டாவது மேக்னடைட் இல்லை. செலினியமும் செம்பும் கலந்த உப்புகள் எஃகின் மேல் வேறொரு கறுப்புப் படிவை உண்டாக்குகின்றன. சுற்றியுள்ள அசல் நிறத்தோடு அது அச்சாகப் பொருந்துவது அரிது. வெயிலில் பிடித்தால் சாம்பல் தட்டும், சிலவேளை பழுப்பாகவும் அடிக்கும். உறையில் போட்டு எடுத்தாலே தேயும். தெரிந்தவர்கள் மூக்கருகே கொண்டுபோனாலே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்படி ஒரு வாடை.

அதற்காக அது உதவாத பொருள் என்று சொல்ல மாட்டேன். தினம் பயன்படுத்தும் சாதாரணத் துப்பாக்கியில், ஊசிக்கோடு அளவுக் கீறலுக்கு அது போதும். கெடுப்பது, தடவுகிற விதம்தான். எண்ணெய்ப் பசையோடு தடவினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால் அசிட்டோனாலோ ஆல்கஹாலாலோ முதலில் துடைக்க வேண்டும். துணியில் நனைத்து அகலமாக இழுக்கக் கூடாது. பல்குத்தும் குச்சி முனையால் கோட்டுக்குள் மட்டும் தொட வேண்டும். பின் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, தாராளமாக எண்ணெய் விட வேண்டும். கழுவாமல் விட்டால் இரண்டு நாளில் அந்தக் கோட்டிலேயே துரு எட்டிப் பார்க்கும். செலினியம் விஷம் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். அடுக்களை மேடையில் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது.

எல்லாக் கறுப்புத் துப்பாக்கியையும் ஒரே மாதிரி நடத்துவது அடுத்த தவறு. 1950இல் வந்த கோல்ட் கமாண்டர் போன்றவற்றில் ஃபிரேம் அலுமினியம், மேலே அனடைசிங் என்கிற, மின்சாரத்தால் உண்டாக்கிய ஆக்சைடு படலம். அதில் எஃகுக்கான கோல்டு புளூ பிடிக்காது. அதைக் கொதிக்கும் புளூயிங் தொட்டியில் முக்கினாலோ காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கத் தொடங்கிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவப் பிஸ்டல்களில் இருப்பது மங்கிய சாம்பல் நிறப் பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் படலம். அது எண்ணெயை உறிஞ்சும் தன்மை கொண்டது. சின்ன உரசலாக இருந்தால் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தாலே கண்ணுக்குத் தெரியாதபடி மங்கிவிடும்.

நிக்கல் பூச்சு வேறு கதை. அது நிஜமாகவே பூச்சு. சிலவற்றில் நிக்கலுக்கு அடியில் செம்பு அடுக்கும் உண்டு. குழலிலுள்ள செம்புக் கறையைப் போக்கும் அம்மோனியா கலந்த திரவத்தை இதன் மேல் விட்டால், கீறல் வழியாக உள்ளே இறங்கிச் செம்பைத் தின்னும். அப்புறம் நிக்கல் சிம்பு சிம்பாக உரியும். உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போட்டுவிட வீட்டில் வழியில்லை.

இவை எல்லாவற்றிலும் மன்னிக்கும் குணம் உள்ளது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். 1965இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 60 வந்ததிலிருந்து இந்த ரிவால்வர்களைப் பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நிறம் உலோகத்தின் சொந்த நிறம் என்பதால், மேலோட்டமான கீறலை மென்மையான ஸ்காட்ச்-பிரைட் துண்டால் தேய்த்துக் கலக்கிவிடலாம். ஆனால் தொழிற்சாலை மெருகின் நுண்கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில், ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் போச்சு. சாதாரண எஃகுக் கம்பளியையும் தொடாதீர்கள். அதன் துகள்கள் மேற்பரப்பில் பதிந்து துருப்பிடித்து, ‘துருப்பிடிக்காத எஃகில் துரு எப்படி வந்தது’ என்று குழம்ப வைக்கும்.

மெருகுச் சக்கரம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். கையில் டிரெமல் என்கிற சின்ன மின்சுழல் கருவி இருந்தால் கீறல் ஐந்து நிமிடத்தில் மறையும், உண்மை. கூடவே கூர்மையான விளிம்புகள் மழுங்கும், தட்டையான பக்கம் அலையலையாகும், திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழியும். பதித்த எழுத்துகள் தேய்ந்து படிக்க முடியாமல் போகும். வரிசை எண் அருகில் சக்கரம் போகவே கூடாது. அதை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். எண் அழிக்கப்பட்டது என்று தெரிந்தே வைத்திருப்பதும் குற்றம்தான்.

சேகரிப்பாளர்கள் மதிக்கும் பழைய துப்பாக்கி என்றால் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அங்கே விலை, அசல் மேல்தோற்றம் எவ்வளவு சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துத்தான். நேர்மையாகத் தேய்ந்து, உறை உரசிய அடையாளங்களோடு இருப்பது ஒரு விலைக்குப் போகும். அதையே புதிதுபோல் மறுபடி புளூ செய்தால் பளபளக்கும், விலை மட்டும் சரியும். நம் வீடுகளில் தையல் மிஷின் என்றாலே நினைவுக்கு வரும் சிங்கர் நிறுவனம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக 500 பிஸ்டல்கள் மட்டும் செய்து கொடுத்தது. 1911இன் திருத்திய வடிவமான 1911ஏ1 ரகத்தில் சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது அதற்குத்தான். அப்படிப்பட்ட ஒன்றை யாராவது கீறல் போக மெருகேற்றிவிட்டார் என்றால், என்ன சொல்வது! வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இல்லை. சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புளூயிங்குக்கு அடியில் பழைய துருக்குழி தெரிந்தால் பேச்சு முடிந்தது.

ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைச் சுற்றி ஓடும் வளையக் கோட்டைப் பார்த்தும் பலர் பதறுகிறார்கள். சிலிண்டரை நிறுத்தும் குட்டிப் பூட்டு சுழலும்போது உரசி உண்டாவது அது. பல ரிவால்வர்களில் பயன்பாட்டினால் வருவதுதான், குறை என்று சொல்ல முடியாது. வீணாக அதிகமாக்காமல் இருக்கலாம். சிலிண்டரை மூடியதும் விரலால் மெல்லத் திருப்பிப் பூட்டு பள்ளத்தில் விழச் செய்யுங்கள், சும்மா உட்கார்ந்து சுழற்றாதீர்கள். சினிமாவில் மணிக்கட்டை வெடுக்கென்று உதறி மூடுவார்களே, அது கோடு போடுவதோடு நிற்காது, சிலிண்டரைத் தாங்கும் கையையே வளைத்துவிடும்.

திருகாணிகளைப் பற்றி ஒரு வரி. வீட்டு ஸ்குரூடிரைவரின் முனை ஆப்புபோல் சரிவானது, திருப்பும்போது நழுவிப் பக்கத்து எஃகைக் கிழிக்கும். பக்கங்கள் இணையாகத் தீட்டிய துப்பாக்கி வேலை முனைகளையே வாங்குங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரின் பக்கத் தகடு வரவில்லை என்று எதையும் செருகி நெம்பாதீர்கள். திருகாணிகளைக் கழற்றியபின் துப்பாக்கியின் கைப்பிடிச் சட்டத்தை ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டினால் அதுவே எழும்பி வரும்.

தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் பெட்டிக்குள் வைப்பதும் வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட உப்புகளும் அதில் இருக்கும். சாதாரணக் கீறலில் தொடங்கும் துரு அங்கேதான் குழியாகிறது. மெல்ல எண்ணெய் தடவி, அல்லது அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ரெனைசான்ஸ் வேக்ஸ் போன்ற மெழுகைப் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள்.

ஆழமான வெட்டு, மனசு கேட்கவில்லை, துப்பாக்கி செப்பனிடும் கன்ஸ்மித்திடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கொடுங்கள். கொடுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீறல் பட்ட பாகத்தை மட்டும் செய்வாரா, முழுவதையும் உரிப்பாரா, மெருகைச் சக்கரத்தில் ஏற்றுவாரா, கையால் கட்டை வைத்துத் தேய்ப்பாரா என்று கேளுங்கள். கையால் என்று சொல்பவர் கூலி அதிகம் கேட்பார், நாளும் ஆகும். எழுத்துகளையும் வரிசை எண்ணையும் தொடக்கூடாது என்பதை வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.