சயனோடைப் துணியில் மஞ்சள் கோடு: காரணம் வெயில் அல்ல

மேல்துணியை வெட்டி, அடியிலுள்ள சயனோடைப் (இரும்பு உப்பு பூசி வெயிலில் பதிக்கும் நீல அச்சு) துணி தெரியும்படி ஓரம் மடித்துத் தைத்திருந்தேன். காய்ந்ததும் ஒவ்வொரு திறப்பின் ஓரத்திலும் நீலம் போய் மஞ்சள் தட்டியது. வெயில்தான் என்று இருட்டில் வைத்தேன். வெயிலில் மங்கிய நீலம் இருட்டில் காற்றுப் பட்டால் பெரும்பாலும் திரும்பும்; இது அசையவில்லை. மங்கிய நீலத்தை மீட்க இட்ட ஹைட்ரஜன் பெராக்சைடும் வீண்.

உற்றுப் பார்த்தால், வெட்டுவதற்குக் குறித்த பென்சில் கோடு போன வழியிலேதான் மஞ்சள் ஓடியது. கோட்டை அழிக்கத் தொட்ட சோப்புநீர்! சோப்பிலுள்ள காரம் பட்டால், இந்த அச்சின் நிறமியான பிரஷ்யன் நீலம் சிதைந்துவிடும். துண்டுத்துணியில் சலவைச் சோடா கரைசல் ஒரு சொட்டு விட்டேன், அதே மஞ்சள்.

நீர்த்த வினிகரில் அலசியதும் பரவுவது நின்றது. போன நீலம் போனதுதான். அந்தக் கோட்டில் மட்டும் பால் கலக்காத கடுந்தேநீரை மெல்லிய தூரிகையால் தடவினேன். தேநீரிலுள்ள டானின், துணியில் எஞ்சிய இரும்போடு சேர்ந்து கருத்தது. வேண்டுமென்றே வரைந்த நிழல் என்கிறார்கள், நானும் மறுக்கவில்லை.