ஷேக்ஸ்பியரின் சந்தேகக் கணவர்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தின் கதையை யாரிடம் கேட்டாலும் கைக்குட்டையில்தான் தொடங்குவார்கள். மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டை வேறொருவன் கையில் இருந்தது, அதைப் பார்த்த கணவன், வெனிஸ் படைத்தளபதி ஒத்தெல்லோ, அவளைக் கொன்றுவிட்டான், பாவம், ஏமாந்துவிட்டான் என்று கதையை முடித்துவிடுவார்கள். 1693-லேயே தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், ஒரு கைக்குட்டைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இந்த நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். இந்த நாடகங்களைப் படிப்பவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான்: சந்தேகத்துக்கு ஆதாரம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வது.

‘ஒத்தெல்லோ’வின் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியை அவசரப்படாமல் படியுங்கள். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு, அவனுடைய துணைத் தளபதியாக இருந்த கேசியோ கிளம்புகிறான். அதைப் பார்த்து ஒத்தெல்லோவின் கீழ் வேலை செய்யும் இயாகோ, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று முணுமுணுக்கிறான். என்ன சொன்னாய் என்று ஒத்தெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். அப்புறம் பாதியில் நிறுத்திய பேச்சு, தயக்கம், கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்பது. போதாததற்கு, உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் சொந்த அப்பாவையே ஏமாற்றியவள் இல்லையா என்று ஒரு ஞாபகப்படுத்தல் வேறு. இயாகோ போனதும் ஒத்தெல்லோ தனியாக நின்று, நான் கறுப்பன், நயமாகப் பேசத் தெரியாதவன், வயதும் ஏறிவிட்டது, அவள் கைவிட்டுப் போய்விட்டாள், இனி அவளை வெறுப்பதுதான் எனக்கு ஆறுதல் என்று சொல்லிவிடுகிறான். அந்த நேரத்தில் கைக்குட்டை இன்னும் டெஸ்டிமோனாவிடமே இருக்கிறது! அதற்குப் பிறகுதான் அவள் வருகிறாள், தலை வலிக்கிறது என்கிறவனின் நெற்றியில் அதைக் கட்டப் பார்க்கிறாள், இது சின்னது என்று அவன் ஒதுக்குகிறான், கீழே விழுகிறது, இயாகோவின் மனைவி எமீலியா எடுக்கிறாள். கண்ணால் பார்க்க ஆதாரம் கொடு என்று இயாகோவின் கழுத்தைப் பிடிப்பதும் அதற்கு அப்புறம்தான். கைக்குட்டை இல்லாவிட்டாலும் அந்த மனம் வேறொன்றைத் தேடிப் பிடித்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்தது, எல்லாப் பழியையும் இயாகோ தலையில் கட்டிவிடுவது. அவன் கொடியவன், சந்தேகமே இல்லை. ஆனால் இயாகோவே இல்லாமலும் இந்த நோய் வரும் என்று ஷேக்ஸ்பியரே பின்னாளில் ஒரு நாடகம் எழுதினார். 1611 மே மாதம் லண்டனின் குளோப் அரங்கில் சைமன் ஃபோர்மன் என்ற ஜோதிடர் பார்த்துக் குறித்து வைத்த ‘தி விண்டர்ஸ் டேல்’. சிசிலி ராஜா லியோன்டிஸ், ஒன்பது மாதமாக விருந்தாளியாக இருக்கும் பால்ய நண்பனை இன்னும் சில நாள் தங்கச் சொல்லும்படி தன் மனைவியையே ஏவுகிறான். அவள் சொல்லி நண்பன் சம்மதித்ததும், நான் கேட்டபோது மறுத்தவன் இவள் கேட்டதும் எப்படி ஒப்புக்கொண்டான் என்று அங்கேயே பற்றிக்கொள்கிறது. யாரும் கோள் மூட்டவில்லை. மாறாக, சபையில் உள்ளவர்கள் எல்லோரும் ராணி குற்றமற்றவள் என்கிறார்கள். டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கே அப்படிச் சொல்லியும் நம்ப மறுக்கிறான், அடுத்த நொடி மகன் இறந்த செய்தி வருகிறது.

ஒத்தெல்லோ ஒரு மூர் (வட ஆப்பிரிக்கன்), சூடான ரத்தம், அதனால்தான் இப்படி என்று இன்னும் சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் லியோன்டிஸை என்ன செய்வார்கள்? இயாகோவை என்ன செய்வார்கள்? தன் மனைவி ஒத்தெல்லோவோடு இருந்திருப்பாளோ என்ற எண்ணம் விஷம்போல உள்ளே அரிக்கிறது என்று இயாகோ தன் வாயாலேயே சொல்கிறான், கேசியோ மேலும் அதே சந்தேகம் அவனுக்கு. துருக்கியரிடமிருந்து சைப்ரஸைக் காக்க வெனிஸ் அரசு நம்பி அனுப்பியது ஒத்தெல்லோவைத்தான். அவனுடைய நிறத்தை வைத்து மற்றவர்கள் சொன்னதை அவனே நம்பத் தொடங்குகிற இடம்தான் வலிக்கிறது.

சரி, காமெடிக்கு வருவோம். காமெடி என்றால் காதலும் சண்டையும் விளையாட்டுதான், கடைசியில் எல்லாம் சுபம் என்று புரட்டிக்கொண்டே போகாதீர்கள். 1600-ல் அச்சான ‘மச் அடூ அபௌட் நத்திங்’ நாடகத்தில் ஹீரோ என்பது ஒரு பெண்ணின் பெயர். அவளைக் காதலிப்பதாகச் சொல்லும் கிளாடியோ, அவள் அப்பாவுக்கு மகன் உண்டா என்று விசாரிக்கிறான். அவள்தான் ஒரே வாரிசு என்று பதில் வருகிறது. முகமூடி நடனத்தில் சிலர், உனக்காகப் பெண் கேட்கப் போன இளவரசன் தனக்கே பேசிக்கொள்கிறான் என்றதும் நம்பிவிடுகிறான். அது பொய் என்று தெரிந்த பிறகும், கல்யாணத்துக்கு முந்தைய இரவு அதே ஆட்கள் ஜன்னலில் ஒருவனோடு பேசும் வேறொரு பெண்ணை ஹீரோ என்று காட்ட, மறுபடி நம்புகிறான். மறுநாள் தேவாலயத்தில், எல்லோர் முன்னிலும், அவளை அழுகிய ஆரஞ்சு என்று அப்பாவிடமே திருப்பித் தருகிறான். பெற்ற அப்பாவே மகள் செத்துப் போகட்டும் என்கிறார். இதைச் சிரித்துக்கொண்டு கடக்க முடியுமா? கிளாடியோவும் ஒத்தெல்லோவும் ஒரே ரகம்தான். இங்கே இரவுக் காவலர்கள் சதிகாரனின் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பிடித்துவிடுகிறார்கள், அங்கே உண்மை தெரிந்த எமீலியா வாய் திறப்பதற்குள் டெஸ்டிமோனா செத்துவிடுகிறாள். உண்மை எப்போது வந்து சேர்கிறது என்பதில்தான் இரண்டு நாடகமும் பிரிகின்றன. ‘மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்’ நாடகத்தின் சந்தேகக் கணவன் ஃபோர்டு, மனைவியின் காதலன் ஒளிந்திருக்கிறானா என்று அழுக்குத்துணிக் கூடையைக் கிளறுவதற்கு நன்றாகவே சிரிக்கலாம், அவன் மனைவி அவனைவிடக் கெட்டிக்காரி.

சந்தேகத்தையே காதலின் அளவாக எடுத்துக்கொள்வதும் தப்பு. அளவுக்கு மீறிக் காதலித்தவன் என்று ஒத்தெல்லோ கடைசியில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறான், அதை அப்படியே பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு வருகிறார்கள். அது கொலை செய்தவனின் வாக்குமூலம். அதே நாடகத்தில் எமீலியா சொல்வதும் இருக்கிறது: காரணம் இருப்பதால் அவர்கள் சந்தேகப்படுவதில்லை, சந்தேகப்படுகிறவர்கள் என்பதாலேயே சந்தேகப்படுகிறார்கள். நான்காம் அங்கத்தின் கடைசியில், மனைவிகளுக்கும் கணவர்களைப் போலவே உணர்ச்சி உண்டு, பார்வையும் வாசனையும் ருசியும் உண்டு என்று அவள் பேசுவதைக் கட்டாயம் படியுங்கள். 1622-ல் வந்த முதல் அச்சில் அந்தப் பேச்சின் பெரும்பகுதி கிடையாது, டெஸ்டிமோனா பாடும் வில்லோ பாட்டும் கிடையாது, இரண்டும் 1623-ல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பில்தான் இருக்கின்றன. அதனால் கையில் இருப்பது சுருக்கப் பதிப்பா, முழுப் பதிப்பா என்று அந்தக் காட்சியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.