பருத்தித் துணிக்கு வீட்டிலேயே இயற்கைச் சாயம்: கடுக்காய் முதல் அவுரி வரை

இயற்கைச் சாயத்தில் இறங்குகிற பெரும்பாலோர் முதலில் தேடுவது நிறத்தைத்தான். பீட்ரூட்டை வேகவைத்து, மஞ்சளைக் கரைத்து, அதில் வெள்ளைத் துணியை முக்கி எடுத்ததும் கிடைக்கிற பளீரென்ற நிறத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். பீட்ரூட் நிறம் இரண்டு சலவையிலும், மஞ்சள் நிறம் சில நாள் வெயிலிலும் போய்விட்ட பிறகு, இந்த வேலையே இவ்வளவுதான் என்று கைவிட்டுவிடுகிறார்கள். பருத்தியில் நிறம் நிற்பதும் போவதும் சாயச் சட்டியில் முடிவாவதில்லை. அதற்கு முன்பே, துணியை அலசிக் கடுக்காய் ஏற்றிப் படிகாரம் கொடுக்கிற இரண்டு மூன்று நாட்களில் முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களை அவசரப்படாமல் செலவிடப் பழகியவருக்கு இந்தக் கைவேலை தருகிற இன்பம் பெரிது.

கம்பளியும் பட்டும் விலங்குப் புரதம் என்பதால் தாவரச் சாயங்களை எளிதில் பிடித்துக்கொள்கின்றன. பருத்தி தாவர நார். அதில் சாயம் தானாக ஒட்டுவதில்லை. ஆகவே துவர்ப்புள்ள கடுக்காயை முதலில் ஏற்ற வேண்டும். அந்தத் துவர்ப்பு படிகாரத்தில் உள்ள அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் துணி வெளுத்துவிடும். கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையிலும், துணியில் எழுதுகோலால் ஓவியம் தீட்டுகிற கைவேலையான, 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியிலும், இன்றுவரை துணி முதலில் கடுக்காயில்தான் முங்குகிறது. எழுதுகிற மை துணியில் பரவாமல் இருக்க அந்தக் கடுக்காய் நீரிலேயே பாலையும் சேர்ப்பது கலம்காரிக்காரர்களின் வழக்கம்.

தேவையானவற்றில் பெரும்பகுதி நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்: கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள், படிகாரம், சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், கறுப்புக்கு அன்னபேதி என்கிற இரும்பு உப்பு. மயில்துத்தத்தை (செம்பு உப்பு) யாராவது பரிந்துரைத்தால் வாங்க வேண்டாம்; அது நச்சு, அதன் கழிவு நீர் மண்ணையும் கெடுக்கும். பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமலாகவோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் செய்தால் இரும்பு கலந்து எல்லா நிறமும் மங்கிக் கறுத்துவிடும். சாயத்திற்கு எடுத்த பாத்திரத்தையும் கரண்டியையும் மறுபடி சமையலுக்குக் கொண்டுபோகக் கூடாது. எடை பார்க்க ஒரு சிறிய தராசு அவசியம், ஏனென்றால் எல்லா அளவும் காய்ந்த துணியின் எடையை வைத்துத்தான். இங்கே 200 கிராம் எடையுள்ள ஒரு கைத்தறித் துண்டைக் கணக்காக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை துணியை அலசுவது. கடையில் வெள்ளையாக, சுத்தமாகத் தெரிகிற துணியிலும் நெய்யும்போது பாவுக்குப் போட்ட கஞ்சியும், பருத்திக்கே உரிய மெழுகும் இருக்கும். துண்டை ஓர் இரவு வெறும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுநாள் நிறைய நீரில் இரண்டு தேக்கரண்டி சலவை சோடாவும் சிறிது சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். நீர் தேநீர் நிறத்துக்கு வருவதைப் பார்த்தால் துணிக்குள் எவ்வளவு இருந்தது என்பது புரியும். காடாத் துணியானால் இதை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு: காய்ந்த துணியின் மேல் ஒரு சொட்டு நீரை விரல் நுனியிலிருந்து விடுங்கள். சொட்டு முத்துப்போல உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. விழுந்த கணமே துணிக்குள் மறைந்து நனைந்த வட்டமாக விரிந்தால் துணி தயார். நான் முதன்முதலில் சாயமிட்ட துண்டில் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டேன். மூன்று நாள் உழைப்புக்குப் பிறகு நட்ட நடுவே திட்டுத் திட்டாக வெளிறி வந்தது. அதைப் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை.

அலசிய துண்டுக்கு 40 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணி தாராளமாகப் புரளும் அளவுக்கு நீர் சேர்த்து, ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். நடுநடுவே புரட்டிவிடுவது முக்கியம்; மடிப்பு விழுந்த இடத்தில் துவர்ப்பு குறைவாக ஏறி, அந்த மடிப்பு கடைசி வரை கோடாகத் தெரியும். காலையில் எடுத்துப் பிழிந்து, அலசாமல், அப்படியே காயவைக்க வேண்டும். துணி இளமஞ்சளாக மாறியிருக்கும், வாயில் வைத்தால் துவர்க்கும் என்று தோன்றுகிற ஒரு வாசனையும் இருக்கும்.

காய்ந்ததும் படிகாரத்தின் முறை. 40 கிராம் படிகாரத்தை வெந்நீரில் முழுவதும் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் நனைத்த துணியை அதில் போட்டு மறுபடி ஓர் இரவு விட வேண்டும். பிழிந்து நிழலில் உலர்த்தியபின் ஒன்றிரண்டு நாள் மடித்து வைத்தால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கிறது. சாயத்தில் போடுவதற்குமுன் ஒருமுறை நிறைய நீரில் அலசி, ஒட்டாமல் நிற்கும் படிகாரத்தை நீக்கிவிட வேண்டும். ஓடுகிற ஆற்று நீரில் துணியை அலசுவதைக் கலம்காரிக்காரர்கள் அவ்வளவு முக்கியமாகக் கருதுவது இதனால்தான். தொட்டி நீரில் அலசினால் நீங்கிய படிகாரமே மறுபடி வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது சிவப்பு. சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்பு, கடலோர மணலில் வளரும் சாயவேரிலிருந்து வந்தது. சித்த மருத்துவத்தில் இதே செடிக்கு இம்பூறல் என்று பெயர். 1868-ல் கிரேபே, லீபர்மான் என்னும் இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் இந்தச் சிவப்பின் மூலப்பொருளான அலிசரினை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டியபின் வேர்ச் சாயங்களின் வியாபாரம் சரிந்தது. இன்று வீட்டில் செய்வோருக்கு எளிதில் கிடைப்பது மஞ்சிட்டி வேர். துணியின் எடைக்கு எடை, அதாவது 200 கிராம் மஞ்சிட்டியை இடித்து ஓர் இரவு ஊறவைத்து, அந்த நீரோடு ஒரு மெல்லிய துணிப்பையில் கட்டிய வேர்ச் சக்கையையும் சட்டியில் போட்டு, படிகாரம் ஏற்றிய ஈரத் துண்டை இறக்க வேண்டும். அடுப்பை மிகச் சிறியதாக வைத்து, ஒரு மணி நேரத்தில் மெல்லச் சூடேற்றி, சட்டியின் ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றுகிற நிலையிலேயே இன்னொரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் சிவப்பு பழுப்பை நோக்கிச் சாயும். கிளறுவதை நிறுத்தக் கூடாது. அடுப்பை அணைத்து, ஆறும்வரை துணியை அதிலேயே விட்டுவிடுங்கள்; அந்த இரவில்தான் நிறம் ஆழமாகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீர் இந்த வேர்ச் சிவப்புக்கு நல்லது, ஆனால் இரும்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் எல்லாவற்றையும் மங்கவைக்கும். உங்கள் வீட்டுக் குழாயடியில் துருக்கறை படிகிறதென்றால் மழை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

கறுப்பும் சாம்பலும் விரும்பினால் சாயமே வேண்டாம். கடுக்காய் ஏற்றிய துணியை, படிகாரம் கொடுக்காமல், இரும்பு கரைந்த நீரில் முக்கினாலே கண்ணெதிரே கறுத்துவிடும். 200 கிராம் துணிக்கு 3 கிராம் அன்னபேதி போதும். அதிகமானால் இரும்பு நாரையே அரித்து, சில ஆண்டுகளில் துணி இற்றுப்போகும். வெல்லம் கரைத்த நீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்த கசிவை வடிகட்டிப் பயன்படுத்துவது கலம்காரியின் பழைய முறை. மஞ்சளுக்குச் செண்டுமல்லிப் பூவும் மாதுளைத் தோலும், படிகாரம் ஏற்றிய துணியில் சமையல் மஞ்சளைவிட நெடுநாள் நிற்கின்றன.

அவுரிச் செடியிலிருந்து வரும் நீலம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். அலசிய துணி மட்டும் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: தலைமுடிக்கு விற்கிற அவுரி இலைப் பொடியை வாங்கி ஏமாறக் கூடாது. நமக்குத் தேவை, இலையை நீரில் ஊறவைத்து அடித்துப் படியவைத்த நீலக்கட்டி. அது நீரில் கரையாது. ஆகவேதான் ஒருமுறை ஏறினால் எளிதில் போவதுமில்லை. காரமான நீரில் அதை ஒடுக்கினால், அதாவது காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்வதற்கு நேர்மாறான மாற்றத்தைச் செய்தால், கரையும் நிலைக்கு மாறும். துணிக்குள் புகுந்தபின் காற்றுப் பட்டதும் மறுபடி கரையாத நீலமாக இறுகிவிடும். பழைய தென்னிந்தியத் தொட்டிகளில் வேகவைத்த தகரை விதையையும் சுண்ணாம்பையும் போட்டுப் பல நாள் புளிக்கவைத்து இதைச் சாதித்தார்கள். வீட்டில் முதல்முறை செய்வோருக்கு 1:2:3 என்ற விகிதம் எளிது: 10 லிட்டர் தொட்டிக்கு 30 கிராம் நீலம், 60 கிராம் நீர்த்த சுண்ணாம்புப் பொடி, 90 கிராம் ஃப்ரக்டோஸ் சர்க்கரை. சுண்ணாம்பு கண்ணிலும் கையிலும் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

நீலத்தைச் சிறிது வெந்நீர் விட்டு மையாக அரைத்து, கைபொறுக்காத சூட்டில் உள்ள நீரில் கலந்து, பின் சர்க்கரையையும், சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் சேர்த்து, காற்றை அடிக்காமல் மெல்லச் சுற்றிக் கிளறி மூடிவைக்க வேண்டும். இடையிடையே இப்படிக் கிளறிவந்தால் சில மணி நேரத்தில் மேலே செம்பு மின்னுகிற ஏடும், நடுவில் நீல நுரையும் கூடிவரும். நுரையை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் நீர் நீலமாக இருக்காது. தெளிந்த தேன் நிறமாக இருக்கும். அதுதான் அடையாளம். கசடு படியட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து, நன்றாக நனைத்துப் பிழிந்த துணியைக் கசடில் படாதபடி மெல்ல இறக்கி, மூன்று நிமிடம் நீருக்கு அடியிலேயே விரல்களால் பிரித்துவிட வேண்டும். எடுக்கும்போது நீரின் மட்டத்திலேயே பிழிந்து எடுங்கள். உயரத்திலிருந்து சொட்டினால் ஒவ்வொரு சொட்டும் தொட்டிக்குள் காற்றைக் கொண்டுபோகும்.

அந்த முதல் நிமிடத்தை வேறெங்கும் பார்வையைத் திருப்பாமல் பாருங்கள். துணி மஞ்சள் கலந்த பச்சையாக, வாழைக்குருத்தின் நிறத்தில் வெளியே வருகிறது. விளிம்புகளில் முதலில் ஒரு கருமை படர்கிறது. பிறகு மயில்கழுத்துப் பச்சை. மடிப்பைப் பிரித்தால் உள்ளே இன்னும் பச்சை, காற்றுப் பட்டதும் அதுவும் நீலமாகிறது. பல ஆண்டுகளாகச் செய்துவந்தும் இந்த மாற்றம் எனக்குச் சலிக்கவில்லை. பத்து நிமிடம் காற்றாடவிட்டு மறுபடி முக்குங்கள். ஒரே முறை அரை மணி நேரம் ஊறவைப்பதைவிட, சிறு சிறு முக்கல்களாக ஆறு எட்டு முறை ஏற்றிய நீலம்தான் கையில் ஒட்டாமல் நிற்கும். சுங்குடியைப்போல நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் இறுக முடிச்சிட்டு முக்கினால், அவிழ்க்கும்போது முடிச்சுக்குள் வெள்ளைப் புள்ளிகள் பூத்திருக்கும். பச்சை வேண்டுமானால் முதலில் நீலம் ஏற்றி, பின் கடுக்காயும் படிகாரமும் கொடுத்துச் செண்டுமல்லியில் போட வேண்டும். மஞ்சிட்டியில் போட்டால் ஊதா கிடைக்கும்.

நீலத் துணி முழுவதும் காய்ந்தபின், வினிகர் சில துளி விட்ட நீரில் அலசிச் சுண்ணாம்பைப் போக்கி, கடைசியாகச் சோப்பு நீரில் ஒருமுறை கொதிக்கவிட்டு ஒட்டாத நீலத்தை நீக்க வேண்டும். சிவப்புத் துண்டை ஒரு வாரம் மடித்து வைத்துவிட்டு, பூந்திக்கொட்டை ஊறிய நீரிலோ மென்மையான சோப்பிலோ துவைத்து நிழலில் உலர்த்துங்கள். எலுமிச்சைச் சாறு பட்டால் அந்த இடத்தில் நிறம் மாறிவிடும். நீலத் தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம். மூடிவைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேன் நிறம் மாறி நீர் நீலமாகத் தெரிந்தால், சிறிது சூடேற்றி, ஒரு கைப்பிடி ஃப்ரக்டோஸும் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பும் கலந்து, மெல்லக் கிளறி, மறுநாள் காலை மூடியைத் திறந்து பாருங்கள்.