எந்த இன்டர்வியூ என்று முதலில் கேளுங்கள்: வடசென்னையில் வேலை தேடுவோருக்கு

இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததும் பெரும்பாலானவர்கள் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ பதிலைத்தான் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். மணலியில் ஒரு ஒப்பந்ததாரரிடம் வெல்டர் வேலைக்குப் போகிறவரிடம் அந்தக் கேள்வியே வராமல் போகலாம். கையில் வெல்டிங் ராடைக் கொடுத்து ‘இந்த பைப்பை ஓட்டிக் காட்டு’ என்பார்கள். தம்பு செட்டித் தெருவில் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் ஒரு பில் ஆஃப் லேடிங்கை (கப்பல் சரக்கு ரசீது) நீட்டி, ‘இதில் கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) யார்?’ என்பார்கள். கால் சென்டரில் உங்கள் குரலைக் கேட்பார்கள். ஒரே தயாரிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

அதனால் அழைத்தவரிடமே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை சுற்று, எழுத்துத் தேர்வோ டிரேட் டெஸ்ட்டோ (வேலையைச் செய்து காட்டும் சோதனை) உண்டா, வேலை கம்பெனியின் நேரடி ரோலிலா ஒப்பந்ததாரர் மூலமா. இப்படிக் கேட்டால் தவறாக நினைப்பார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். யாரும் நினைக்க மாட்டார்கள். கேட்காமல் போய், செருப்புக் காலோடு டிரேட் டெஸ்டில் நின்றால்தான் உள்ளேயே விடமாட்டார்கள்.

ஃபைலில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்க ரெஸ்யூம் மூன்று பிரதி, சான்றிதழ் நகல்கள் இரண்டு செட், பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு, நீல மை பேனா. ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. ‘சேர்ந்த பிறகு திருப்பித் தருவோம்’ என்று வாங்கி வைக்கும் இடத்திலிருந்து பிறகு வெளியே வருவது கடினம்.

நம் ஊரில் அதிகம் சிக்கலாவது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், பான் கார்டு வேறொரு மாதிரி இருக்கும். வேலை கிடைத்தபின் பி.எஃப். கணக்கு தொடங்கும்போது இது முட்டும். இன்டர்வியூவுக்கு முன்பே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி திருத்த விண்ணப்பித்துவிடுங்கள்.

தொழிற்சாலை: டெக்னிக்கல் சுற்றும் டிரேட் டெஸ்ட்டும்

எண்ணூர், திருவொற்றியூர், மணலி, கும்மிடிப்பூண்டி பக்கம் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு நடக்கும் இன்டர்வியூவில் கேள்விகள் நேரடியானவை. பெரிய புத்தகம் வேண்டாம். அடிப்படையைக் காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும்.

ஃபிட்டர், மெஷினிஸ்ட் என்றால் வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ., மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட் 0.01 மி.மீ. என்று சொன்னால் பாதி மதிப்பெண்தான். எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. வெர்னியரில் 49 மி.மீ. நீளத்தை 50 பாகமாகப் பிரித்திருப்பதால் ஒரு பாகத்துக்கு 0.02 வித்தியாசம் வருகிறது. மைக்ரோமீட்டரில் 0.5 மி.மீ. பிட்சை (மரை ஒரு சுற்றில் நகரும் தூரம்) 50 பாகமாகப் பிரித்தால் 0.01. கருவியைக் கையில் கொடுத்தால் முதலில் கருவியின் வாயை மூடி, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று ஜீரோ எரர் பாருங்கள். அளவைச் சரியாகச் சொல்லியும் பலர் தோற்பது இதைச் செய்யாததால்தான். எம்10 மரைக்கு எவ்வளவு துளை என்று கேட்டால் 10 கழித்தல் பிட்ச் 1.5, ஆக 8.5 மி.மீ.

எலக்ட்ரீஷியனிடம் மோட்டாரைக் குறைந்த கரன்ட்டில் தொடங்கவைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பற்றிக் கேட்காத இன்டர்வியூ அரிது. 415 வோல்ட் லைனில் ஸ்டாரில் தொடங்கும்போது ஒவ்வொரு வைண்டிங்குக்கும் சுமார் 240 வோல்ட்தான் கிடைக்கிறது. அதனால் லைனிலிருந்து இழுக்கும் தொடக்கக் கரன்ட் மூன்றில் ஒரு பங்காகிறது. டார்க்கும் (சுழற்றும் விசை) அதே அளவு குறையும் என்பதைக் கேட்காமலேயே சேர்த்துச் சொன்னால், வேலை தெரிந்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். ‘மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, என்ன செய்வாய்?’ என்றால் ‘ஃபியூஸ் பார்ப்பேன்’ என்று தொடங்காதீர்கள். முதலில் சப்ளையை நிறுத்தி, பூட்டி, டேக் மாட்டுவேன். பிறகு ஸ்விட்சுக்கு வரும் பக்கத்தில் மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்ப்பேன், சிங்கிள் ஃபேஸிங்காக (ஒரு ஃபேஸ் விட்டுப்போனது) இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வரிசைக்குத்தான் மதிப்பு.

வெல்டருக்கு வாயைவிடக் கைதான் பேச வேண்டும். 7018 வகை வெல்டிங் ராடைத் திறந்த பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்து ஓட்டாதீர்கள். சூடேற்றி உலர்த்தியதா, ஓவனில் இருந்ததா என்று கேளுங்கள். ஈரம் ஏறிய ராடிலிருந்து ஹைட்ரஜன் புகுந்து வெல்டு பின்னால் விரிசல் விடும். இதைக் கேட்பதையே சோதிப்பவர் கவனிப்பார். பைப்பைச் சாய்வாக நிறுத்தி ஓட்டும் 6ஜி டெஸ்டில் பெரும்பாலும் தோற்பது ரூட் பாஸில் (அடியில் ஓட்டும் முதல் வரிசை): ரூட் கேப் (இரண்டு துண்டுக்கும் இடைவெளி) சீராக இல்லாமல் பொருத்துவது, ராடு மாற்றிய இடத்தைக் கிரைண்ட் செய்யாமல் மறுபடி தொடங்குவது. மேல் பாஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் ரூட் நிரம்பவில்லையென்றால் எக்ஸ்-ரேயில் தெரிந்துவிடும்.

ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை ஷட்டவுன் (பராமரிப்புக்காக நிறுத்திய நேரம்) வேலையாக இருந்தால் பாதுகாப்புக் கேள்விதான் முக்கால்வாசி. ஹாட் வொர்க் பெர்மிட் என்ற எழுத்து அனுமதி இல்லாமல் தீப்பொறி வரும் எந்த வேலையும் கிடையாது. டேங்குக்குள் இறங்குமுன் ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எரிவாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால்? ‘உடனே குதித்துத் தூக்குவேன்’ என்பது மனிதாபிமானமான பதில், ஆனால் தவறான பதில். காப்பாற்றப் போனவரும் இறந்துபோவது இப்படித்தான். அலாரம் கொடுத்து, மூச்சுக் கருவியோடு மீட்புக் குழு வரும்வரை வெளியே நிற்பதுதான் சரி.

துறைமுகம், கப்பல் ஏஜென்சி, சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்)

சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் பக்கத்திலேயே இருந்தும், பி.காம். முடித்த வடசென்னைப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு முயற்சியே செய்யாதது வருத்தமாக இருக்கிறது. பாரிமுனைத் தெருக்களில் சிறிய அலுவலகங்கள் ஏராளம். இன்டர்வியூ அரைமணி நேரத்துக்குள் முடியும். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர்தான் அவர்களுக்கு வேண்டும்.

இறக்குமதியின் வரிசையைச் சரளமாகச் சொல்லப் பழகுங்கள்: ஷிப்பிங் லைன் ஐ.ஜி.எம். (கப்பலில் வரும் சரக்குப் பட்டியல்) தாக்கல் செய்யும், புரோக்கர் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு) போடுவார், மதிப்பீடு, வரி கட்டுதல், தேவைப்பட்டால் சரக்குச் சோதனை, அவுட் ஆஃப் சார்ஜ் (சுங்கத்தின் விடுவிப்பு), லைனிடமிருந்து டெலிவரி ஆர்டர், கேட் பாஸ். ஏற்றுமதியில் ஷிப்பிங் பில்லும் (ஏற்றுமதி அறிவிப்பு) லெட் எக்ஸ்போர்ட் ஆர்டரும் (சுங்கத்தின் ஏற்றுமதி அனுமதி). ஐ.ஜி.எம்.மில் உள்ள பெயர், எடை, கன்டெய்னர் எண் பில் ஆஃப் என்ட்ரியோடு பொருந்தாவிட்டால் திருத்தம் போட வேண்டும். நாள் ஓடும், வாடகை ஏறும். கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். துறைமுகத்தில் கூடுதல் நாள் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போன பெட்டியைக் காலி செய்து லைனுக்குத் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன். இந்த இரண்டையும் குழப்பாமல் சொல்பவருக்கே பாதி வேலை முடிந்தது. 2016 ஜூலை முதல் ஏற்றுமதிப் பெட்டிக்கு எடைச் சான்றான வி.ஜி.எம். கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கால் சென்டர், ஐ.டி., வீடியோ இன்டர்வியூ

குரல் சுற்றுக்கு ஏழு நாள் போதும். தினமும் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய்து கேளுங்கள். உச்சரிப்பு வெளிநாட்டு மாதிரி ஆக வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, சொல்லின் கடைசியில் ‘உ’ ஒட்டாமல் முடித்தால் போதும். ‘கோபமான வாடிக்கையாளர்’ நடிப்பில் முதலில் முழுதாகக் கேட்டு, அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லி, என்ன செய்வீர்கள், எத்தனை மணிக்குள் என்று சொல்லுங்கள். ‘சாரி’யை ஐந்து முறை சொல்வது பதில் ஆகாது.

ஐ.டி. ஃப்ரெஷர் ரெஸ்யூமில் உள்ள ஒரே ப்ராஜெக்டிலிருந்துதான் கேள்வி கிளம்பும். நண்பருடைய ப்ராஜெக்டைப் போட்டிருந்தால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். அரியர் இருந்ததா என்றால் எந்தத் தாள், எப்போது எழுதி முடித்தேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள்.

வீடியோ இன்டர்வியூவுக்கு வெளிச்சம் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும், போன் கண் உயரத்தில் நிற்க வேண்டும். ஒரே அறை வீடு, பக்கத்தில் ரயில் பாதை என்றால் இடம் மாற்றுவதே நல்லது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் (படிக்கவும் வேலை செய்யவும் உள்ள பொது இடம்) போன்ற இடத்தை முன்பதிவு செய்யலாம். ஆனால் அங்கே சத்தமாகப் பேச இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு வேலை

மத்திய அரசின் குரூப் சி, கெசட் அல்லாத குரூப் பி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்திலேயே இருப்பதால் ‘ரயில்வே இன்டர்வியூவை முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர்கள் இங்கே கிளம்புவார்கள். இல்லாத இன்டர்வியூவை யாராலும் முடித்துத் தர முடியாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 நேர்முகத்துக்குச் செல்பவர்கள் சொந்த மாவட்டம், படித்த பாடம், அன்றைய நாளிதழ் மூன்றையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்.

‘எந்த ஏரியா?’

வியாசர்பாடி, காசிமேடு என்று சொன்னால் வேறு மாதிரி பார்ப்பார்கள் என்று பயந்து, அண்ணா நகர் உறவினர் முகவரியை ரெஸ்யூமில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் ஆதார் முகவரியோடு பொருந்தாமல் போனால், கிடைத்த ஆஃபரே ரத்தாகலாம். ஏரியாவை நிமிர்ந்து சொல்லி, வழியைத் தொடர்ந்து சொல்லுங்கள்: ‘திருவொற்றியூர். மெட்ரோவில் கிண்டி, அங்கிருந்து பஸ். காலை ஷிஃப்டுக்கு முதல் மெட்ரோவைப் பிடித்துவிடுவேன்.’ கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது நேரத்துக்கு வருவீர்களா என்பதுதான்.

இன்டர்வியூ அன்று எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசையையும், மழையென்றால் சுரங்கப்பாதைத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்து 45 நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.

சம்பளப் பேச்சு

வருடத்துக்கு 2.4 லட்சம் சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 20,000 கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்தால் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,200-ம் ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதமும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பி.எஃப். 1,200, ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் போனால் கையில் 16,900-க்குச் சற்றுக் குறைவாகத்தான் நிற்கும். அதனால் ‘டேக் ஹோம் எவ்வளவு?’ என்றே கேளுங்கள். ஒப்பந்ததாரர் மூலம் என்றால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எந்த மாதத்திலிருந்து, ஓவர்டைம் எந்தக் கணக்கு என்பதையும் கேளுங்கள். டெபாசிட், யூனிஃபார்ம் பணம், டிரெய்னிங் கட்டணம் என்று எதைக் கேட்டாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், பாண்ட் (குறிப்பிட்ட காலம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்று வரிகளைத் தேடிப் படித்து, போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.