மார்கழி விருந்தாளிக்குத் தானியம் வேண்டாம், தண்ணீர் வையுங்கள்

தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கம் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வீட்டுத் தோட்டத்துக்கு வலசை வரும் பறவைகள் பெரும்பாலும் பூச்சி, புழு தின்னிகள்: ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான், கதிர்க்குருவி. கம்பு தானியத்தைக் கொட்டிவிட்டு இவற்றுக்காகக் காத்திருந்தால் புறாவும் காக்கையும்தான் வந்து சேரும். ஆனால் குடிக்கவும் குளிக்கவும் எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு போதும். அகலம் ஒன்றரை அடி இருக்கட்டும். ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் 2 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் கூடாது. ஆழம் அதிகமென்றால் ஓட்டாஞ்சில்லு போட்டு உயர்த்துங்கள். எவர்சில்வர், பீங்கான் வேண்டாம், கால் வழுக்கும். புதரிலிருந்து 6 முதல் 8 அடி தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிப் பாயும். நட்டநடு வெளியில் வைத்தால் கதிர்க்குருவி இறங்காது. தட்டுக்கு மேலே இரண்டு மூன்றடி உயரத்தில் ஒரு காய்ந்த கம்பு கட்டுங்கள். அரசவால் ஈப்பிடிப்பான் தட்டில் உட்கார்ந்து குளிக்காது. கம்பிலிருந்து பாய்ந்து, தண்ணீரைத் தொட்டு நனைந்து, திரும்பக் கம்புக்கே போகும்.

தேங்கிய தண்ணீரைவிடச் சொட்டும் தண்ணீருக்குத்தான் ஈர்ப்பு அதிகம். மெடிக்கலில் புது சலைன் செட் (குளுக்கோஸ் ஏற்றும் குழாய்) ஒன்று வாங்கி, லிட்டர் பாட்டில் மூடியில் செருகித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பாட்டிலின் அடிப்பக்கம், இப்போது மேலே இருப்பது, ஊசியால் ஒரு துளை அவசியம். இல்லையென்றால் காற்றுப் போக வழியின்றிப் பாட்டில் சப்பி, சொட்டு நின்றுவிடும். 20 சொட்டுக்கு 1 மி.லி. வரும் செட்டில் இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு வைத்தால் ஒரு லிட்டர் சுமார் 11 மணி நேரம் தாங்கும்.

தினமும் தண்ணீரைக் கொட்டித் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது: டெங்கு கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் சாகாது.

ஆறுமணிக்குருவிக்கு இன்னொன்றும் வேண்டும்: மாமரத்தடியைப் பெருக்காமல் விடுவது. இரண்டு அங்குலச் சருகு கிடந்தால் அலகால் புரட்டிப் புழு தேடும். பெருக்கிப் பளிச்சென்று வைத்த முற்றத்தில் அதற்கு வேலை இல்லை.

தானியம் வைத்தே தீருவேன் என்பவர்கள் ஒரு கைப்பிடி கம்பு அல்லது தினை வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் தீருகிற அளவு. தானியத் தட்டின் அடியில் ஓட்டை இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தானியம் பூசணம் பிடித்துப் பறவையை நோயில் தள்ளும். மிஞ்சினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். உப்பு போட்ட மிக்சர், பிரெட் வேண்டாம்.

பாதிப் பப்பாளியை ஆணியில் குத்தி வைத்தால் கொண்டைக்குருவியும் குயிலும் குக்குறுவானும் வரும். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள், இரவில் பழந்தின்னி வௌவால் வரும். இந்த வௌவால்கள் சுமக்கும் நிபா வைரஸ் 2018-இல் கோழிக்கோட்டில் பரவியதை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் மறந்திருக்க மாட்டார்கள். கடிபட்ட பழத்தைக் கையுறையோடு எடுத்துப் புதைக்க வேண்டும்.

காலை 6 முதல் 8, மாலை 4-க்கு மேல் பாருங்கள். அறை விளக்கை அணைத்து, ஜன்னலிலிருந்து இரண்டடி பின்னால் உட்கார்ந்தால் நீங்கள் அசைவது வெளியே தெரியாது. மற்றவை குளித்துப் போனதும் எழுந்துவிடாதீர்கள். ஆறுமணிக்குருவி பெரும்பாலும் வெளிச்சம் மங்கிய பிறகே இறங்கும்.